துணியைத் திருப்பிப் பாருங்கள்: கோட்டிங் போட்ட கேமோ நைலான் வாங்கும் முன்

ரெக்ஸின் கடைக்குப் போய் "ஆர்மி பிரிண்ட் துணி இருக்குங்களா அண்ணா" என்று கேட்டால், அவர் மூன்று நான்கு ரோலை எடுத்து மேசையில் விரிப்பார். எல்லாவற்றிலும் அதே பச்சை, பழுப்பு, கறுப்புத் திட்டுகள்தான். விலை மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். புதிதாகப் பை தைக்க வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். பிரிண்ட் பிடித்திருக்கிறதா, விலை குறைவா என்று இரண்டை மட்டும் பார்த்து வெட்டச் சொல்லிவிடுகிறார்கள். ஓரிரண்டு மழைக்காலம் போனதும் பையின் உட்புறம் பிசுபிசுக்கிறது, அல்லது செதில் செதிலாக உதிர்கிறது. முன்பக்கத்துப் பிரிண்ட் அப்போதும் புதிதுபோலவே இருக்கும்.

இந்தத் துணியில் முதலில் பார்க்க வேண்டியது முதுகுப்பக்கம். அடுத்தது நூல். பிரிண்ட் மூன்றாவதுதான். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம் என்று உறுதியாகச் சொல்வேன்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் அக்கறை வரக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து மையங்கள். 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்ட திட்டம் இது. பாதுகாப்புத் தொழில் என்றதும் பீரங்கி, விமான உதிரிபாகம் என்றே நம் நினைப்பு ஓடுகிறது. ஆனால் ஒரு சிப்பாயின் உடம்பில் தொங்கும் பாதிப் பொருள் தையல் மிஷினிலிருந்து வருவது: முதுகுப்பை, பவுச், மழைப்போர்வை, உறை, பெல்ட். இன்னொரு பக்கம் ஏற்காட்டில் பறவைப் படம் எடுக்கிறவர்கள், நடைக்குழுக்கள், காப்பி எஸ்டேட்டில் நாள் முழுக்கச் சுற்றுகிறவர்கள். இவர்களுக்கும் வேண்டியது அதே துணிதான்.

நூலின் கனம்

ரோலின் மேல் 500டி, 600டி, 1000டி என்று எழுதியிருப்பார்கள். அந்த 'டி' டெனியர். 9,000 மீட்டர் நூலை எடை போட்டால் எத்தனை கிராம் வருகிறதோ அதுவே அதன் டெனியர். 500 டெனியர் நூல் 9,000 மீட்டருக்கு அரை கிலோ, 1000 டெனியர் ஒரு கிலோ. பருத்தியில் பழகிய கைக்கு இது தலைகீழாகத் தெரியும். 40-ஆம் நம்பர் நூலைவிட 100-ஆம் நம்பர் மெல்லியது என்பது சேலத்தின் குகைப் பகுதியில் தறி வைத்திருக்கும் யாருக்கும் தெரிந்த கணக்கு. டெனியரில் எண் ஏற ஏற நூல் தடிக்கும். பட்டு நெய்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் வராது, அவர்களுக்குக் கச்சாப் பட்டு 20/22 டெனியர் என்றுதான் கைக்கு வருகிறது.

டெனியர் நூலின் கனத்தை மட்டும் சொல்லும். துணி நெருக்கமாக நெய்ததா, தளர்வாக நெய்ததா என்பது அதில் தெரியாது. தளர்வாக நெய்த 1000 டெனியரைவிட நெருக்கி நெய்த 500 டெனியர் நன்றாக உழைக்கும். அதனால் ஜி.எஸ்.எம். கேளுங்கள், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டு ஒன்றைத் துல்லியமாக வெட்டி, வெள்ளிக்கொலுசுப் பட்டறையில் இருக்கிற மாதிரித் தராசில் வையுங்கள். வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கோட்டிங்கோடு சேர்த்து, நல்ல 500 டெனியர் நைலான் சுமார் 250-ஐ ஒட்டியும், 1000 டெனியர் 350-க்கு மேலும் நிற்கும். 1000 என்று எழுதிய துணி 250 காட்டினால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

எல்லாவற்றுக்கும் 1000 டெனியர் வேண்டும் என்பது தொடக்கத்தில் பலருக்கு வரும் ஆசை. ஒரு பெரிய முதுகுப்பைக்கு ஏறக்குறைய இரண்டே கால் சதுர மீட்டர் துணி போகும். 500-க்குப் பதில் 1000 போட்டால் பை கால் கிலோ கூடிவிடும், ஏற்காட்டு நடைபாதையில் அந்தக் கால் கிலோவைத் தோள் கணக்கு வைத்துக்கொள்ளும். உடலுக்கு 500, அடிப்பாகத்துக்கும் மூலைகளுக்கும் 1000. இதுவே என் விருப்பம். மழை உறைக்கும் உள்பைக்கும் 70 முதல் 210 டெனியர் போதும். உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து போகிறவர்கள் மட்டும் பக்கவாட்டுக்கும் கனமானதைப் போடலாம்.

நைலானா, பாலியஸ்டரா

சந்தையில் "நைலான்" என்ற பெயரில் விற்கும் கேமோ துணியில் நிறைய பாலியஸ்டர்தான். பள்ளிப் பைக்கு வரும் 600டி ஆக்ஸ்போர்டு துணியும் பெரும்பாலும் அதுவே. விற்கிறவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பளபளப்பான செயற்கைத் துணி எல்லாவற்றையும் நைலான் என்று சொல்வது நம் ஊர்ப் பேச்சுவழக்கு, அவருக்கு வந்த ரோலும் அப்படிச் சொல்லியே வந்திருக்கலாம்.

ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, அதில் ஒட்டியிருக்கும் கோட்டிங்கை நகத்தால் சுரண்டிவிட்டுக் கொளுத்திப் பாருங்கள். இரண்டுமே உருகிச் சொட்டும். பாலியஸ்டர் கரும்புகை விடும், முனையில் கறுப்பு மணி உருளும். நைலானில் புகை வெளிறி இருக்கும், மணி சாம்பல் அல்லது பழுப்பாக வரும். கோட்டிங் ஒட்டியிருந்தால் கணக்கு குழம்பும், அதனால்தான் சுரண்டச் சொல்கிறேன்.

பாலியஸ்டர் மட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. வெயிலைத் தாங்குவதில் அது நைலானை ஜெயிக்கும். நைலான் தன் எடையில் சுமார் 4 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழுத்து வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் அரை சதவீதம்கூட இழுக்காது. அதனால் நைலான் கூடாரம் இரவில் தொய்யும், பாலியஸ்டர் கூடாரம் விறைப்பாகவே நிற்கும். நைலானின் பலம் உரசலையும் கிழிசலையும் தாங்குவதில் இருக்கிறது. சேலத்து வெயிலில் நாள் முழுக்கக் காயப்போகும் பொருளா, பாலியஸ்டர் வாங்குங்கள். பாறையில் இழுபட்டு, முள்ளில் உரசி, ஜீப்பின் பின்னால் தூக்கி எறியப்படப்போகும் பையா, நைலான்தான்.

நைலானிலும் 6, 66 என்று இரண்டு உண்டு. 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கியது 66. ஜெர்மனியில் 1938-இல் பால் ஷ்லாக் உருவாக்கியது 6. ஏறக்குறைய 220 டிகிரியில் 6 உருகிவிடும், 66-க்கு 260 வரை வேண்டும். வேகமாக ஓடும் மிஷினில் ஊசி சூடேறும்போதும், பை பாறையில் தேய்ந்து சூடாகும்போதும் அந்த 40 டிகிரி உதவுகிறது. கார்டுரா என்ற பெயரில் வரும் பெயர்பெற்ற பைத் துணிகள் பெரும்பாலும் 66-தான். நூலைக் காற்றழுத்தத்தால் கலைத்து இழை இழையாகப் புடைக்கச் செய்திருப்பார்கள். அதனால் அந்தத் துணி பருத்திபோல மங்கலாக இருக்கும், மினுமினுக்காது. கார்டுரா என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். கடையில் எல்லா முரட்டுத் துணியையும் "கார்டுரா" என்று நீட்டினால், ரோலோடு வந்த அடையாள அட்டையைக் கேளுங்கள்.

முதுகுப்பக்கம்

இனிதான் முக்கியமான பகுதி. எவ்வளவு நெருக்கி நெய்தாலும் நூலுக்கும் நூலுக்கும் இடையே ஓட்டை இருக்கத்தான் செய்யும். அதை அடைக்கத்தான் துணியின் பின்பக்கத்தில் பசைபோன்ற ரசாயனக் குழம்பை ஊற்றி, நீளமான கத்தித் தகடால் வழித்துப் பரப்பி, சூட்டில் உலர்த்துகிறார்கள். ஒரே தடவை பூசுவதற்குப் பதில் இரண்டு மூன்று மெல்லிய கையாகப் போட்டால் ஊசிமுனை ஓட்டைகள் விட்டுப்போகாது. இந்தப் பூச்சு இன்னொரு வேலையும் செய்கிறது: நூல்களை இடம்பெயராமல் பிடித்துவைக்கிறது. வெட்டிய ஓரம் பிரியாமல் இருப்பதும், பாரம் ஏறும்போது தையலோரம் விரிந்து பல்லிளிக்காமல் இருப்பதும் அதனால்தான்.

பூச்சில் பல வகை. அக்ரிலிக் விலை குறைந்தது, சுண்ணாம்பு பூசியதுபோல் வறண்டு இருக்கும், மடிப்பில் வெடிக்கும். பி.வி.சி. கனமானது, தண்ணீரை நன்றாகத் தடுக்கும், ஆனால் அதை இளக்கமாக வைத்திருக்கும் பொருள் காலப்போக்கில் வெளியேற, விறைத்து வெடிக்கும். சிலிகான் மிக லேசான துணிகளுக்கு வருவது, துணியின் கிழிசல் பலத்தைக் கூட்டும், ஆனால் வழுக்கும், சாதாரண தையல் டேப் அதில் ஒட்டாது. பைக்கு நாம் பெரும்பாலும் வாங்கப்போவது பி.யு., அதாவது பாலியூரித்தேன்.

பி.யு.வின் எதிரி ஈரமும் சூடும் சேர்ந்து வருவது. தண்ணீர் மூலக்கூறு அந்தப் பூச்சின் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கும். முதலில் புளித்த நாற்றம், பிறகு பிசுபிசுப்பு, கடைசியில் உதிர்தல். இதில் எஸ்டர் வகை, ஈத்தர் வகை என்று இரண்டு. எஸ்டர் உரசலையும் எண்ணெயையும் நன்றாகத் தாங்கும், ஈரத்தில் சீக்கிரம் சிதையும். ஈத்தர் ஈரத்துக்கு அசையாது, விலை கூடும். நம் பகுதிக்கு ஈத்தர் வகையைத் தேடிப் பிடிப்பது நல்லது என்பேன், காரணம் நம் ஊரின் அமைப்பு. ஏற்காட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் ஏறினால் மேலே பனிமூட்டம், இறங்கினால் கோடையில் 40 டிகிரி. மலையில் நனைந்த பையை அப்படியே சுருட்டிக்கொண்டு வந்து, ஓட்டு வீட்டுப் பரணிலோ மொட்டைமாடி அறையிலோ போட்டுவைத்தால், ஆய்வகத்தில் பூச்சைச் சோதிக்க வேண்டுமென்றே செய்கிற கொடுமையை நாம் வீட்டிலேயே செய்கிறோம். அங்கே துணியை 70 டிகிரி சூட்டிலும் 95 சதவீத ஈரப்பதத்திலும் வாரக்கணக்கில் அடைத்துவைப்பார்கள்.

அதன் எளிய வடிவத்தை நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு துண்டுத் துணியை நனைத்து, மூடிபோட்ட கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து, ஏப்ரல் வெயிலில் மாடியில் வைத்துவிடுங்கள். சில வாரம் கழித்து எடுத்து, பூச்சுப் பக்கத்தோடு பூச்சுப் பக்கத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். ஒட்டினால் அந்த ரோல் வேண்டாம். அவசரமாக வாங்க வேண்டியிருந்தால், கடையிலேயே பின்பக்கத்தை முகர்ந்து பாருங்கள், உள்ளங்கையில் கசக்கிப் பாருங்கள், நகத்தால் கீறுங்கள், பாக்கிங் டேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பூச்சு வந்தால் அது துணியோடு சேரவே இல்லை. திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் ஏற்றுமதி மிச்ச ரோல்களில் அருமையான துணி கிடைக்கும். ஆனால் அவை கிடங்கில் எத்தனை வருடம் கிடந்தன என்பது யாருக்கும் தெரியாது, பி.யு. கிடந்தாலும் வயதாகும். அவற்றுக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

தண்ணீர் தடுக்கும் திறனை மில்லிமீட்டரில் சொல்வார்கள். 1,500 மி.மீ. என்றால் துணியின் மேல் அவ்வளவு உயரத் தண்ணீர்த் தூண் நின்றாலும் கசியாது என்று பொருள். ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிராம். 15 கிலோ பையை ஈரத்தரையில் வைக்கிறீர்கள், அடிப்பாகம் 30-க்கு 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிராம்தான் வருகிறது, அதாவது 250 மி.மீ. தண்ணீர். ஆகவே 1,500 போதும், 5,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்கி அதிகப் பணம் தர வேண்டியதில்லை. பை நனைவது பெரும்பாலும் துணியால் அல்ல. ஊசி போட்ட ஒவ்வொரு ஓட்டை வழியாகவும், ஜிப் வழியாகவும்தான் தண்ணீர் இறங்குகிறது. தையலோரத்தில் உள்பக்கமாகச் சூடேற்றி ஒட்டும் டேப் போடாத பையை "வாட்டர்புரூஃப்" என்று விற்காதீர்கள்.

முன்பக்கத்தில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டோடுவது வேறு மருந்தின் வேலை. அது தேய்ந்துபோகும், மறுபடி பூசிக்கொள்ளலாம். பின்பக்கப் பூச்சு போனால் அப்படி எளிதில் மீட்க முடியாது. கடைக்காரர் துணிமேல் தண்ணீர் தெளித்துக் காட்டுவது முன்பக்க மருந்தை மட்டும்தான்.

பிரிண்ட்

பாலியஸ்டரில் கேமோ அச்சிடுவது சுலபம். காகிதத்தில் அச்சிட்டுச் சூட்டில் அழுத்தினால் சாயம் ஆவியாகி நூலுக்குள் போய்விடும். ஆனால் மேற்பரப்போடு நின்றுவிடும். உப்புத்தாளால் ஒரு மூலையைத் தேய்த்துப் பாருங்கள், சீக்கிரமே வெள்ளை எட்டிப்பார்க்கும். நைலானுக்கு அமிலச் சாயம் வேண்டும், அச்சிட்டபின் நீராவியில் வேகவைத்து அலச வேண்டும், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் வேண்டும். விலை ஏறுவது இங்கேதான். சொந்த டிசைனை அச்சிட்டுத் தரும் மில்கள் குறைந்தபட்ச மீட்டரைப் பெரிதாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். தொடங்குகிறவர்கள் இருக்கிற டிசைனை வாங்குவதே சரி. இன்னொரு மலிவான வழி, நிறமியைப் பசையோடு கலந்து துணிமேல் ஒட்டவைப்பது. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் நிறம் வந்துவிடும்.

உண்மையான ராணுவத் தரத்தில் இன்னொரு கட்டமும் உண்டு. பச்சை இலை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகப் பிரதிபலிக்கும். இரவுநோக்குக் கருவி அந்த ஒளியைப் பார்க்கும். சாதாரணச் சாயத்தில் அச்சிட்ட துணி அந்தக் கருவியில் இலைகளுக்கு நடுவே தனித்துத் தெரிந்துவிடும். அதற்கென்று தேர்ந்தெடுத்த சாயங்கள் வேண்டும், அதற்குச் சோதனைச் சான்றிதழ் வேண்டும். நீங்கள் படைக்கு டெண்டர் போடாதவரை இதற்குப் பணம் தர வேண்டியதில்லை.

பறவைப் படக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சேர்வராயன் அடிவாரத்து முட்புதர்க் காடு ஆண்டின் பெரும்பகுதி பழுப்பாகவே இருக்கும். மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடி கரும்பச்சை. அடர்பச்சைக் கேமோ போட்டுக்கொண்டு அடிவாரத்தில் நின்றால் தூரத்திலிருந்தே தெரிவீர்கள். மான் வகை விலங்குகளுக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. அவற்றை உஷார்ப்படுத்துவது அசைவு, மினுமினுப்பு, துணியின் சரசரப்பு. கனமாகப் பூசிய விறைத்த துணி நடக்கும்போது சத்தம் போடும். கடையில் காதருகே வைத்துக் கசக்கிப் பாருங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று இந்திய ராணுவம் புதிய போர்ச்சீருடையை வெளியிட்டது. அந்த டிசைன் ராணுவத்தின் பெயரில் பதிவு செய்யப்பட்டது, அனுமதியில்லாமல் அதைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. சிப்பாய் என்று பிறர் நம்பும்படி சிப்பாயின் உடையை அணிவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம். மல்ட்டிகேம் போன்ற டிசைன்கள் தனியார் நிறுவனத்துக்கு உரிமையானவை. ராணுவத்தின் இன்றைய டிசைனை ஒத்த ரோல் மலிவாக வந்தால் தொடாதீர்கள். பறவைப் பார்வையாளருக்கும் நடைக்குழுவுக்கும் ஒரே நிறக் காக்கி, மண் பழுப்பு, ஆலிவ் பச்சை தாராளமாகப் போதும். இந்த ஒற்றை நிறங்களில் நல்ல 500 டெனியர் கிடைப்பதும் சுலபம்.

எங்கே, எப்படி வாங்குவது

சேலம் பருத்திக்கும் பட்டுக்கும் ஊர். செயற்கை இழைத் துணிக்குப் பெரிய சந்தை சூரத். உள்ளூர் ரெக்ஸின் கடைகளுக்கு வரும் சரக்கிலும் நிறைய அந்தப் பக்கத்துச் சரக்கே. சில மீட்டருக்கு உள்ளூர்க் கடைதான் நல்லது, கையால் தொட்டுப் பார்க்கலாம், துண்டு கேட்டால் தருவார்கள். முழு ரோல் வாங்குமுன் வியாபாரியிடம் கேட்க வேண்டியதை எழுத்தில் கேளுங்கள்: நைலான் 6-ஆ 66-ஆ, டெனியர் எவ்வளவு, கோட்டிங்கோடு ஜி.எஸ்.எம். எவ்வளவு, பூச்சு என்ன வகை, எத்தனை கை, தண்ணீர்த் தூண் எத்தனை மி.மீ., கோட்டிங் போட்ட மாதம் எது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தவர் பெரும்பாலும் நேராக மில்லோடு தொடர்பு உள்ளவர்.

பில்லில் இருக்கும் எச்.எஸ்.என். எண்ணும், அதாவது வரிக்காகச் சரக்கை வகை பிரிக்கும் எண்ணும் பேசும். 5407 என்றால் செயற்கை இழையில் நெய்த, பிளாஸ்டிக் பூச்சு இல்லாத துணி. 5903 என்றால் பிளாஸ்டிக் பூச்சுத் துணி, அதிலும் 5903 10 பி.வி.சி., 5903 20 பாலியூரித்தேன். "பி.யு. கோட்டிங்" என்று வாயால் சொல்லிவிட்டு 5407 என்று பில் போட்டால் நின்று விசாரியுங்கள்.

ரோல் வந்ததும் முழு அகலத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், விட்டுப்போன இடங்கள் புள்ளி புள்ளியாக ஒளிரும். ஒரே பையின் எல்லாத் துண்டுகளையும் ஒரே ரோலிலிருந்து வெட்டுங்கள், லாட் மாறினால் பச்சை மாறும். பருத்தி நூலால் தைக்காதீர்கள், பாண்டட் நைலான் நூல், அதாவது இழை பிரியாதபடி பிணைத்த நூல் போடுங்கள். 1000 டெனியருக்கு 16 அல்லது 18-ஆம் நம்பர் ஊசி. தவறாகத் தைத்ததைப் பிரித்தால் பூச்சில் ஓட்டை நிரந்தரமாக நிற்கும், அதனால் முதல் பையைப் பழைய துணியில் தைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். மிச்ச ரோலை மடிக்காமல் குழாயில் சுற்றியே, ஈரமில்லாத அறையில், சிமெண்ட் தரையில் படாமல் கிடைமட்டமாக வையுங்கள். பரணில் வேண்டாம்.